ஏணி வைக்க இடமில்லை

தெருமுனையில் அவர் தலை தெரிந்தாலே வீட்டு புரோக்கர்களுக்கு முகம் வாடிவிடும். "குறை சார் வந்துட்டாரு" என்று ஒருவர் காதை ஒருவர் கடிப்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருடைய உரிம அட்டையில் இருக்கிறது, அதோடு சரி. வீடு வாங்கப் போகிறவர்கள் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், அந்த வீட்டை அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை பார்த்து, எங்கே என்ன குறை என்று எழுதிக் கொடுப்பது அவர் தொழில். குறையைச் சொல்லிப் பிழைக்கிற மனுஷனுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

வீட்டுக்குள் நுழைந்ததும் மற்றவர்களைப் போல ஹாலைப் பார்த்து அவர் வாயைப் பிளக்க மாட்டார். நேரே குளியலறைக்குப் போவார். தரையில் ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பார். வாட்டம் சரியாக இருந்தால் தண்ணீர் துளைக்கு ஓடும். இல்லாவிட்டால் மூலையில் போய்த் தேங்கும். தேங்கினால் அந்த மூலைக்குப் பின்னால் இருக்கும் சுவரைத் தொட்டுப் பார்ப்பார், அங்கே ஈரம் இருக்கும். பிறகு கதவுகள். ஒவ்வொரு கதவையும் மூடித் திறப்பார். கதவு இழுத்துப் பிடித்தால் சட்டம் கோணியிருக்கிறது, சட்டம் கோணினால் மேலே ஏதோ இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் தரை ஓடுகளை விரல் முட்டியால் தட்டுவார், மெயின் போர்டைத் திறந்து எர்த் ஒயரைத் தேடுவார், ஜன்னலுக்கு மேலே லிண்டலில் விரிசல் ஓடியிருக்கிறதா என்று டார்ச் அடிப்பார். கடைசியாக ஏணியை விரித்துக் கூரைக்குப் போவார். வீட்டின் உண்மை முழுக்க சீலிங்குக்கு மேலேதான் இருக்கிறது என்பது அவர் கட்சி. கீழே எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடித்துவிடலாம், மேலே யாரும் அடிப்பதில்லை.

அவருடைய ரிப்போர்ட்டில் தீர்ப்பு நாலே நாலுதான். சரி. கவனிக்கவும். ஆபத்து. பார்க்க முடியவில்லை. பூட்டிய அறை, சுவரை மறைத்து நிற்கும் அலமாரி, நாய் கட்டிக் கிடக்கும் கொல்லைப்புறம், இதற்கெல்லாம் நாலாவது. காரணத்தையும் எழுதிவிட வேண்டும். எழுதிவிட்டால், அந்த இடத்தில் பின்னால் என்ன வெடித்தாலும் யாரும் அவர் சட்டையைப் பிடிக்க முடியாது. ஆனாலும் மற்றவர்கள் தாராளமாக வீசும் அந்த வார்த்தையை அவர் எண்ணி எண்ணித்தான் எடுப்பார். அலமாரிக்குப் பின்னால் கண்ணாடியை நுழைத்தாவது பார்ப்பார்.

அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் ஒரு கட்டடக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தார். அங்கே பூசி மெழுகுவதுதான் தொழில். தூணில் விரிசல் என்றால் மேலே ஒரு பூச்சு, பூச்சுக்கு மேலே ஒரு வெள்ளை, வெள்ளைக்குக் கீழே இவர் கையெழுத்து. ஒரு நாள் அந்தக் கையெழுத்தைப் போட மாட்டேன் என்றார். மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்துவிட்டு, பரீட்சை எழுதி இந்த உரிமத்தை வாங்கினார். இருபத்திரண்டு வருஷம் ஆகிவிட்டது. பார்க்காததைப் பார்த்ததாக எழுதியதில்லை, பார்த்ததைப் பார்க்கவில்லை என்றும் எழுதியதில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அந்த ரிப்போர்ட்டுகளை எல்லாம் டைப் அடித்தது அவர் மனைவி. கல்யாணத்துக்கு முன்னால் ஓர் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தவள். அவர் கையெழுத்தை அவராலேயே படிக்க முடியாது என்பதால், வீட்டைச் சுற்றும்போதே போனில் பேசிப் பதிவு செய்துகொண்டு வருவார். மறுநாள் காலையில் அவள் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, கேட்டுக் கேட்டு அடிப்பாள். அந்த வீடுகளில் ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் விட்டம், கைமரம், லிண்டல், நீர்க்கசிவு, வாட்டம் என்று அத்தனை வார்த்தையும் அவள் விரல் நுனியில் இருந்தது. வீட்டுப் பேச்சிலும் அவை புகுந்துவிட்டன. அவளுக்குச் சளி பிடித்தால் அவர், "நீர்க்கசிவு, கவனிக்கவும்" என்பார். அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தால் அவள், "என்னங்க, விட்டம் இறங்கிடுச்சு போல" என்பாள். வெளியூரில் இருக்கும் மகள் போன் பண்ணினால், இவர்கள் வீட்டைப் பற்றிப் பேசுகிறார்களா ஒருவரையொருவர் பற்றிப் பேசுகிறார்களா என்று அவளுக்கே பிடிபடாது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு நாள், ஒரு பழைய வீட்டில், ஏணியின் நாலாவது படியில் கால் வைத்தபோது எதிர்ச் சுவர் மெல்ல நகர்ந்தது. சுவர் நகராது என்று அவரை விட யாருக்குத் தெரியும்? கண்ணை மூடித் திறந்தார். இப்போது தரை நகர்ந்தது. ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, அந்த வீட்டுக்காரர் பார்ப்பதற்குள் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். படுக்க வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். "உங்ககிட்ட மட்டம் பாக்குற ரசமட்டம் இருக்குமே, அது மாதிரி ஒண்ணு காதுக்குள்ளேயும் இருக்கு. உங்களுக்கு அது சரியாக் காட்ட மாட்டேங்குது" என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். தரையில் நடக்கலாம், பஸ்ஸில் போகலாம், ஏணி மட்டும் கூடவே கூடாது என்றார். எத்தனை நாளைக்கு என்று இவர் கேட்டார். இனிமேல் எப்போதுமே என்று டாக்டர் சொன்னார்.

உரிமத்தை வருஷா வருஷம் புதுப்பிக்கும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: ஏணியில் ஏறவும் தவழ்ந்து செல்லவும் உடல் தகுதி உள்ளதா? இல்லை என்று எழுதினால் உரிமம் போய்விடும். இந்த வட்டாரத்தில் இதே தொழிலில் இன்னும் இரண்டு இன்ஸ்பெக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு, மேலே மட்டும் எனக்காக ஏறிப் பாருங்கள் என்று சொன்னால், மத்தியானத்துக்குள் எல்லா புரோக்கர் வாயிலும் அது இருக்கும். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. வேறு எந்தத் தொழிலும் தெரியாது, கற்றுக்கொள்ளத் தெம்பும் இல்லை. மனைவியிடம் சொல்லியிருக்கலாம். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று மென்று விழுங்கிக்கொண்டே இருந்தார்.

அடுத்த வீட்டில் ஏணியை விரிக்கவில்லை. போனை வாய்க்கு அருகில் வைத்து, "ஏணி வைக்கப் பாதுகாப்பான இடம் இல்லாததால் கூரையின் உட்பகுதியைப் பார்க்க முடியவில்லை" என்றார். இருபத்திரண்டு வருஷ நாணயத்தை ஒரே வரியில் கழுவி ஊற்றியாயிற்று. முதல் தடவை நாக்கு கூசியது. மூன்றாவது தடவை கூசவில்லை. தன் காதில் இருக்கும் கோளாறைப் பிறத்தியார் வீட்டின் மேல் எழுதிவிட்டுப் போகிறோம் என்பது ராத்திரிப் படுக்கையில் மட்டும் உறைக்கும். அதற்கும் களைப்பு வந்து உறக்கத்தைக் கொடுத்துவிடும்.

அப்படிப் பன்னிரண்டாவதாக வந்தது பஸ் டிரைவர் வீடு. அதாவது டிரைவர் வாங்கப் போகும் வீடு. ஒற்றை மாடிகூட இல்லாத சின்ன வீடு, ஓட்டுக் கூரை, உள்ளே பலகை சீலிங். செவ்வாய்க்கிழமை பார்த்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கையெழுத்து. டிரைவருக்கு அன்று டூட்டி, அவர் மனைவி மட்டும் வந்திருந்தாள். அவர் வேலைக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று, கையில் டேப்பை வைத்துக்கொண்டு, திரைச்சீலைக்காக ஜன்னல்களை வெளியிலிருந்து அளந்துகொண்டிருந்தாள்.

பின் படுக்கையறைக் கதவு மூடும்போது இழுத்துப் பிடித்தது. குறை சார் நின்றார். சீலிங் மேல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தார். நடுவில் ஒரு விரல் கனத்துக்குப் பலகை தொய்ந்திருந்தது. இவ்வளவு சின்ன அறையில் சீலிங் தானாகத் தொய்யாது. மேலே ஏதோ உட்கார்ந்திருக்கிறது, அல்லது மேலே இருக்க வேண்டிய ஏதோ இல்லை. ஏறிப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அவருக்குப் பழைய வெறி வந்தது. நடைக்கூடத்தில் ஏணியை விரித்தார், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஏறினார். சுவர் கிளம்பிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார். ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு அதே வரியைப் போனில் சொன்னார். தொய்வுக்குக் கவனிக்கவும் என்று சொன்னார்.

கிளம்பும்போது டிரைவர் மனைவி அந்த அறையைக் காட்டி, இது மாமியாருக்கு என்றாள். அவர்களால் எழுந்து நடக்க முடியாது, நாள் முழுக்க இங்கேதான் படுத்திருப்பார்கள், பயம் ஒன்றும் இல்லையே என்று கேட்டாள். ஏணி வைக்க இடமில்லை, மேலே பார்க்க முடியவில்லை, மற்றதெல்லாம் ரிப்போர்ட்டில் வரும் என்று பட்டும் படாமலும் சொல்லிவிட்டு வெளியேறினார். தெருவில் ஏணியைச் சுமந்துகொண்டு நடந்தபோது, தன்னைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் அன்று அவர் ஒரு தப்பு பண்ணியிருந்தார். மற்ற வீடுகளில் ஒவ்வோர் அறைக்கும் பதிவை நிறுத்தி நிறுத்திப் போடுவார். இங்கே தொய்வைப் பார்த்த வேகத்தில் போனை நிறுத்த மறந்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறிவிட்டார்.

புதன்கிழமை காலை அவள் மேஜையில் அடித்துக்கொண்டிருந்தாள். குறை சார் பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கீபோர்டு சத்தம் நின்றது. கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள். மறுபடியும் கேட்டாள். பிறகு பழைய ரிப்போர்ட்டுகளை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தாள். இத்தனை நாள் காதில் விழுந்ததை விரலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாளே தவிர, சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். அவர் பேப்பரை மடிக்கவும் இல்லை, படிக்கவும் இல்லை. மாட்டிக்கொண்டோம் என்று புரிந்துவிட்டது. பயத்தோடு கூடவே ஒரு நிம்மதியும் வந்தது.

அவள் காதிலிருந்து ஒயரைக் கழற்றினாள்.

"என்னங்க, ஏணி விரிக்கிற சத்தம் கேக்குது. நாலு படி ஏறுறீங்க. அப்புறம் மூச்சு வாங்குது. அப்புறம் நாலு படி இறங்குறீங்க. இறங்கிட்டு ஏணி வைக்க இடமில்லைன்னு சொல்றீங்க."

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"இதோட சேத்துப் பன்னெண்டு வீடு. பன்னெண்டு வீட்டுலயுமா இடமில்லை?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். சுவர் நகர்ந்தது, டாக்டர் சொன்னது, படிவத்துக் கேள்வி எல்லாம். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினாள்தான், ஆனால் பொய்க்காக அல்ல. மூன்று மாதம் தலைசுற்றலோடு தெருத் தெருவாக ஏணியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர், பக்கத்தில் படுத்திருப்பவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கண் கலங்கத் திட்டினாள். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு, அந்த மாமியார் எந்த அறையில் படுப்பார் என்று கேட்டாள். சொன்னார். அவள் கம்ப்யூட்டரை மூடினாள்.

"சாவியை வாங்குங்க. நான் ஏறுறேன்."

உனக்கு என்ன தெரியும் என்று கேட்க அவர் வாயெடுத்தார். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்குத் தெரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லை என்பது ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை புரோக்கரிடம் சாவி வாங்கினார்கள். மறுபடியும் எதற்கு என்று அவன் கேட்டான். குறை சார் சாவியை வாங்கிக்கொண்டு நடந்தார், அது அவருக்கு வழக்கம்தான் என்று அவனும் விட்டுவிட்டான். அவள் புடவையைத் தூக்கிச் செருகி, மகளுடைய பழைய பேன்ட் ஒன்றை உள்ளே போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஐம்பத்திரண்டு வயதில் இந்தக் கோலம் வேண்டுமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நடைக்கூடத்தில் ஏணியை விரித்தார்கள். அவர் இரண்டு கையாலும் அடியைப் பிடித்துக்கொண்டார். அவள் ஏறினாள், சீலிங்கில் இருந்த திறப்பைத் தள்ளினாள், தலையும் தோளும் மேலே போய் மறைந்தன. கீழே அவருக்கு அவள் குதிகால் வெடிப்பு மட்டும் தெரிந்தது.

மேலே இருட்டு, தூசு, ஓட்டு இடுக்கில் வெளிச்சக் கோடுகள். டார்ச் அடித்தாள். சுற்றிலும் மரம் மரமாக இருந்தது, எது என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. வார்த்தைகள் எல்லாம் தெரியும், சாமான்களை இப்போதுதான் முதல்முதலாகப் பார்க்கிறாள். கைமரம் எது என்று கீழே கேட்டாள். முகட்டிலிருந்து சுவர் வரைக்கும் சாய்ந்து இறங்குகிறதே, ஓடு அதன் மேல்தான் நிற்கும் என்றார்.

"இதுவா? நான் இத்தனை வருஷமா மாடிப்படியில பிடிச்சுக்கிற கட்டைன்னு நினைச்சு அடிச்சிட்டு இருந்தேன்."

அந்த நிலைமையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. பிறகு ஒன்றொன்றாகக் கேட்டார். குறுக்கே படுத்திருக்கிறதா ஒரு பெரிய மரம்? இருக்கிறது. அது விட்டம். அதிலிருந்து கைமரத்துக்குச் சாய்வாக ஒரு கட்டை முட்டுக் கொடுத்திருக்கும், அதுதான் கூரைப் பாரத்தை வாங்கி இறக்குவது, ஒவ்வொன்றாகச் சொல்லு. அவள் டார்ச்சை நகர்த்திக்கொண்டே சொன்னாள். முதல் கைமர ஜோடியில் இருக்கிறது. இரண்டாவதில் இருக்கிறது. மூன்றாவதுக்கு வந்ததும் நிறுத்தினாள்.

மூன்றாவதில் முட்டு இல்லை. அங்கே ஒரு கறுப்புத் தண்ணீர்த் தொட்டி உட்கார்ந்திருந்தது. தொட்டிக்கு இடம் வேண்டும் என்று யாரோ புண்ணியவான் ரம்பத்தைப் போட்டு முட்டை அறுத்து எடுத்திருந்தான். நாலாவதிலும் அப்படியே. அறுத்த துண்டுகள் இரண்டும் தொட்டிக்கு அருகிலேயே கிடந்தன. தொட்டி விட்டத்தின் மேல்கூட இல்லை, சீலிங் பலகையைத் தாங்கும் மெல்லிய சட்டங்களின் மேல் இருந்தது. அதில் ஒன்று நீளவாக்கில் பிளந்திருப்பதாக அவள் சொன்னாள். எவ்வளவு என்று கேட்டார். ஒரு விரல் நுழைகிற அளவு இருக்கும் என்றாள். தொட்டி எந்த அறைக்கு நேர்மேலே என்று கேட்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. தொடாதே, படம் எடுத்துக்கொண்டு இறங்கு என்றார். அந்த அறையில் கட்டில் போட்டு, அந்த அம்மாவைப் படுக்க வைத்து, மேலே தொட்டியையும் நிரப்பிவிட்டால் என்ன ஆகும் என்று அவர் மனசு காட்டிக்கொண்டே இருந்தது.

மத்தியானம் இருவரும் பஸ் டெப்போவுக்குப் போனார்கள். டிரைவர்கள் ஓய்வெடுக்கும் அறையில் இரும்பு பீரோக்கள் வரிசையாக நின்றன. ஒருவர் பெஞ்சில் துண்டைப் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். சுவரில் ரூட் அட்டவணை. டிரைவர் அப்போதுதான் ட்ரிப் முடித்து வந்து, சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். மறுநாள் கையெழுத்து என்ற சந்தோஷம் முகத்தில் இருந்தது. குறை சார் தன் மனைவியை அறிமுகப்படுத்திவிட்டு, படங்களைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். அந்தக் கூரையை இப்படியே விட்டால் அந்த அறையில் ஆள் படுக்கக் கூடாது. தொட்டியை இறக்கி, கூரையைப் பிரித்து முட்டு கொடுத்தால்தான் வீடு. அதற்கு முன்னால் கையெழுத்துப் போட வேண்டாம்.

டிரைவர் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் வடிந்தது. ஆனால் நல்ல மனுஷன், முதலில் நன்றி சொன்னார். மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு என்ன தலையெழுத்து, என் அம்மாவுக்காகப் போனீர்களே சார் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை குறை சாருக்குச் சுட்டது. அப்புறம் டிரைவர் வெள்ளந்தியாகக் கேட்டார்.

"முந்தாநாள் ஏணி வைக்க இடமில்லைன்னு சொன்னீங்களாமே சார், என் சம்சாரம் சொன்னா. இன்னைக்கு எப்படி ஏறினீங்க?"

வழியில் பஸ்ஸில் வரும்போதே இதற்கு ஒரு பதில் தயாராகத்தான் இருந்தது. வேறு ஏணி, சின்ன ஏணி கொண்டு போனோம் என்றால் முடிந்தது. உரிமம் பிழைக்கும், பெயரும் பிழைக்கும், டிரைவரும் தப்பித்தார், யாருக்கும் நஷ்டம் இல்லை. மனைவி அவரைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த ரூட் அட்டவணையைப் படிப்பது போல உட்கார்ந்திருந்தாள். சொல்லு என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. குறை சாருக்கு அந்த நிமிடத்தில் பொய்யைவிடப் பொய்யைச் சுமக்கிற வேலைதான் பெரிதாகத் தெரிந்தது. அதற்கு இனிமேல் உடம்பில் சக்தி இல்லை.

"அதே ஏணிதான் தம்பி. அதே இடத்துலதான் வச்சோம். எனக்குத் தலை சுத்துது, ஏற முடியலை. மூணு மாசமாச்சு. அதை மறைக்கத்தான் உங்க வீட்டு மேல பழி போட்டேன். இன்னைக்கு ஏறினது இவங்க."

டிரைவர் கையை விட்டுவிட்டார். பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவர் புரண்டு படுத்தார். டிரைவர் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் குறை சாருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் கத்தவில்லை. வருஷா வருஷம் தங்களுக்குக் கண் பரிசோதனை உண்டு என்று நிதானமாகச் சொன்னார். போன வருஷம் கூட வேலை பார்த்த ஒருவருக்குப் பார்வை மங்கிவிட்டது, அன்றைக்கே ஸ்டியரிங்கை விட்டு இறக்கி டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார வைத்துவிட்டார்கள், அவர் அழுதார் என்றார்.

"எனக்குக் கண்ணு தெரியலைன்னா, ரோடு சரியில்லைன்னு நான் எழுதிக் கொடுக்க முடியுமா சார்?"

குறை சார் முடியாது என்றார். டிரைவர் எழுந்து வெளியே போய்த் தன் மனைவிக்குப் போன் பண்ணினார். கண்ணாடி வழியாக அவர் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. திரைச்சீலைத் துணி எடுக்கக் கடைக்குப் போயிருந்தவளிடம், எடுக்காதே என்று சொன்னாராம், அதைத் திரும்பி வந்து அவரே சொன்னார். இன்னொரு வீடு பார்ப்போம் என்றார். அதற்கு உங்களைக் கூப்பிட மாட்டேன் சார், தப்பா நினைக்காதீங்க என்றார். கூப்பிடக் கூடாது என்று குறை சாரும் சொன்னார். மணி அடித்ததும் டிரைவர் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அன்று சாயங்காலம் உரிம அட்டையை ஒரு கவரில் போட்டு, கூடவே உரிமத்தை ஒப்படைப்பதாக ஒரு கடிதமும் வைத்தார். கடிதத்தை அவள்தான் அடித்தாள். மூன்று வரிதான், ஒரு தப்புகூட இல்லை. தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தபோது அவருக்கு அழுகை வரவில்லை, பசிக்கக்கூட இல்லை. காலை நீட்டிப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஆனால் மேஜையில் அவள் ஒரு தாளில் பதினோரு விலாசமும் பதினோரு போன் நம்பரும் எழுதி வைத்திருந்தாள். எல்லாரும் கையெழுத்துப் போட்டு, சாமான் இறக்கி, குடி வந்துவிட்டவர்கள். நாளைக்குப் பண்ணலாமே என்றார். அவள் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான். அவர் முதல் நம்பரை அடித்தார்.

எடுத்தது ஒரு பெண். குரலைக் கேட்டதும் அடையாளம் தெரிந்து சந்தோஷப்பட்டாள். நாங்க நல்லா இருக்கோம் சார், இந்த மழைக்கு ஒரு சொட்டு ஒழுகலை, நீங்க பாத்துக் கொடுத்த வீடாச்சே என்றாள். பின்னால் குழந்தைகள் ஓடும் சத்தம் கேட்டது.

"அம்மா, உங்க வீட்டுக் கூரையை நான் பாக்கவே இல்லை. இடம் இருந்துச்சு. நான் ஏறலை."

யாரையோ ஓடாதே என்று அதட்டும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு அவள், "நாங்க இன்னைக்கு ராத்திரி இங்க தூங்கலாமா சார்?" என்று கேட்டாள்.

தெரியாது என்பதுதான் உண்மை. அவர் அதைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே எழுந்து, மகளுடைய பேன்ட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். இப்போதே வருகிறோம் என்று போனில் சொல்லிவிட்டு, அவர் ஏணியைத் தோளில் தூக்கினார்.